சுருண்ட அட்டை

குருநகரிலை மாரி தொடங்கினால் உடுப்புக் காயாது. வெளியிலை கட்டின கயிறு சொட்டச் சொட்ட நிக்கும், உள்ளுக்குக் கட்டினால் வீடு முழுக்கப் பூஞ்சணம் மணக்கும். எண்பத்தைஞ்சாம் ஆண்டு மாரியிலையும் அதே கதைதான், லூர்த்தம்மா வீட்டைத் தவிர. அவளுக்கென்ன குறை? புருஷன் கிறிஸ்துநாயகம் கப்பலிலை வேலை. சிங்கப்பூரிலை ஆரோ பாவிச்சுக் கழிச்ச, உடுப்புக் காயவைக்கிற மிசின் ஒண்டைக் கொண்டந்து, குசினிக்குப் பக்கத்து அறையிலை வைச்சிட்டுத் திரும்பக் கப்பலேறிப் போயிருந்தான். வெள்ளைப் பெட்டி, முன்னுக்கு வட்டக் கண்ணாடிக் கதவு, பின்னாலை சூட்டுக் காத்து வெளியிலை போக ஒரு குழாய். ஈர உடுப்பைப் போட்டு விசையைத் திருப்பினால் முக்கால் மணித்தியாலத்திலை மொறுமொறுவெண்டு எடுக்கலாம்.

போக முதல் கிறிஸ்துநாயகம் அவளைப் பக்கத்திலை நிப்பாட்டி எல்லாம் காட்டினவன். மிசின்ரை வாயடியிலை ஒரு சின்னக் கம்பி வலை இருக்கு. உடுப்பிலையிருந்து கழருற பஞ்செல்லாம் அதிலைதான் வந்து படியும். ஒவ்வொரு தரமும் வலையை உருவி, பஞ்சை வழிச்செறிஞ்சு போட்டுத்தான் அடுத்த உடுப்பைப் போடவேணும். "கடலாலை வந்து வலையைக் கழுவாமல் மடிச்சு வைப்பமே? உதுவும் வலைதான். அடைச்சுதெண்டால் சூடு வெளியிலை போகாது, உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் எரியும்" எண்டு சொன்னான். பொக்கற்றுகளைப் பாத்துப் போடச் சொன்னான், மாதம் ஒருக்காக் குழாயைக் கழட்டி உதறச் சொன்னான். எல்லாத்துக்கும் அவள் ஓம் ஓம் எண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, ரண்டு மாதம் அச்சொட்டாய்ச் செய்தாள். பழைய பல்லுத்தேய்க்கிற பிறஷாலை வலையைச் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சாள். ஒருத்தற்றை பொக்கற்றிலை பீடி, இன்னொருத்தற்றை பொக்கற்றிலை மாதாவின்ரை சுருவப்படம் எண்டு எடுத்து எடுத்து யன்னல் கட்டிலை வைச்சாள். பிறகு ஒழுங்கை முழுக்கக் கதை பரவிச்சுது. பெண்டுகள் ஈர உடுப்பைக் கடகத்திலை வைச்சுக்கொண்டு அவளின்ரை வாசலிலை வந்து காத்து நிக்கத் தொடங்கினாளவை. லூர்த்தக்கா, லூர்த்தக்கா எண்டு ஆளுக்காள் குழையிறாளவை. இவளுக்குக் கால் நிலத்திலை பாவேல்லை. கைமாறாய் ஒண்டும் வேண்டமாட்டாள், ஆனால் அந்தக் காத்திருப்பு அவளுக்கு நல்லாய் இனிச்சுது. உள்ளதைச் சொன்னால் என்ன?

அந்தத் திங்கட்கிழமை எட்டு வீட்டு உடுப்பு. விடியத் தொடங்கின மிசின் நிக்கவேயில்லை. ஆறாம் முறையாய்ப் போட்டது அடுத்த வீட்டு இராசாத்தியின்ரை உடுப்பு. இராசாத்திக்கு ஒரே மகன், அடைக்கலநாதன், இருபத்திரண்டு வயசு. அரசாங்கம் கடலுக்குப் போகத் தடை போட்டதாலை தேப்பன் செபநாயகத்தின்ரை வள்ளம் கரையிலை கவிண்டு கிடந்தது. இனி உந்தக் கரையிலை பெடியனை வைச்சிருந்து என்ன செய்யிறது எண்டு, கிறிஸ்துநாயகத்தைப் பிடிச்சுக் கப்பலிலை ஒரு வேலைக்கு ஒழுங்குபண்ணியிருந்தினம். வெள்ளிக்கிழமை கொழும்பிலை மருத்துவச் சோதனை. வியாழன் காலமை பஸ். போட்டுக்கொண்டு போற வெள்ளைச் சேட்டையும் கறுப்பு லோங்ஸையும்தான் இராசாத்தி தோய்ச்சுக் கொண்டந்து குடுத்திட்டுப் போனவள்.

லூர்த்தம்மா பொக்கற்றுக்குள்ளை கை விடேல்லை. வலையையும் உருவேல்லை. காலமையிலையிருந்து ஒருக்காலும் உருவேல்லை. வாசலிலை நிண்ட பெண்டுகளோடை கதைக்கிறதுக்கே அவளுக்கு நேரம் போதேல்லை. கொஞ்ச நேரத்தாலை ஒரு கருகல் மணம் வந்தது. ஓடிப்போய் விசையை நிப்பாட்டிக் கதவைத் திறந்தால் முகத்திலை அனல் அடிச்சுது. சேட்டின்ரை கொலர் கபில நிறமாய்ப் போச்சு. லோங்ஸின்ரை பின்பொக்கற்றிலை ஏதோ விறைப்பாய்த் தட்டுப்பட்டுது. பொத்தானைக் கழட்டி எடுத்துப் பாத்தாள்.

பெடியன்ரை அடையாள அட்டை. மேலை ஒட்டின பிளாஸ்ரிக் எண்ணெயிலை போட்ட அப்பளம் மாதிரிச் சுருண்டு போய்க் கிடந்தது. படம் கொப்பளிச்சு, முகம் இருந்த இடத்திலை ஒரு கறுத்த தழும்பு மட்டும். இலக்கத்திலை கடைசி மூண்டு எழுத்துத்தான் வாசிக்கலாம். வலையை இழுத்தாள். வலை தெரியேல்லை, தலையணைப் பஞ்சு மாதிரி மொத்தமாய் அடைச்சிருந்தது.

அந்த நேரம் பாத்து "அக்கா" எண்டு கூப்பிட்டுக்கொண்டு இராசாத்தி வந்தாள். கை தன்பாட்டிலை அட்டையைச் சட்டைக்குள்ளை செருகிச்சுது. கொலர் கருகினதுக்குக் கரண்ட் கூடிப் போச்சுதெண்டு சொன்னாள். கொலரைத் திருப்பித் தைச்சால் சரி, நீங்கள் உதுக்குப்போய்க் கவலைப்படாதேங்கோ எண்டு இராசாத்தி இவளுக்கு ஆறுதல் சொல்லிப்போட்டுப் போனாள்.

செவ்வாய் காலமை திரும்ப வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, தம்பியின்ரை அடையாள அட்டை அந்த லோங்ஸுக்குள்ளை கிடந்ததோ?"

"இல்லைப் பிள்ளை. நான் எல்லாப் பொக்கற்றும் பாத்துத்தானே போடுறனான்."

முதல் சொன்ன "இல்லை"யோடை நிப்பாட்டியிருந்தால் பிறகு ஒருவேளை திருத்தியிருக்கலாம். இவள் தன்ரை கெட்டித்தனத்தையும் சேத்தெல்லோ சொன்னாள். அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை வாயைத் திறக்கிறது? பெரிய காரணம் ஒண்டும் இல்லை, கேட்டியளோ. ஒழுங்கைப் பெண்டுகள் என்ன சொல்லுவாளவை, புருஷன் கேள்விப்பட்டால் என்ன நினைப்பான், அவ்வளவுதான். இந்த அற்பத்துக்காக ஒரு பெடியன்ரை சீவியத்தைச் சட்டைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தாள்.

அந்தக் காலத்திலை அடையாள அட்டை இல்லாத இளம் பெடியன், ஆமி பிடிச்சுக்கொண்டு போயிடுமெண்டு, ஒழுங்கை முடக்குத் தாண்ட யோசிப்பான். கொழும்புக்குப் போறதெண்டால் சோதனைச் சாவடிகள் கடக்கவேணும். புது அட்டை எடுக்கிறதெண்டால் மாதக் கணக்கு. இராசாத்தி வீட்டிலை அரிசிப் பானையைக் கூடக் கவிட்டுத் தேடிச்சினம். செபநாயகம் மகனைப் பொறுப்பில்லாத சென்மம் எண்டு ஏசினான். படம் பாக்கப் போன இடத்திலை விழுத்திப்போட்டு வந்து நிண்டு கதை சொல்லுறியோ எண்டு கேட்டான். பொக்கற்றிலைதான் வைச்சனான் எண்டு பெடியன் காலமை சத்தியம் பண்ணினான். பின்னேரம் அவனுக்கே சந்தேகம் வந்திட்டுது. தேப்பன் அவனோடை கதைக்கிறதை விட்டான். வேலிக்கு இஞ்சாலை நிண்டு லூர்த்தம்மா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்டைக்கு அவளுக்குச் சோறு இறங்கேல்லை.

கடைசியிலை பங்குச் சுவாமியார்தான் வழி சொன்னார். இவர் எங்கடை பங்கைச் சேர்ந்தவர், நல்ல பிள்ளை, அடையாள அட்டையைத் துலைச்சிட்டார் எண்டு சிங்களத்திலையும் இங்கிலிசிலையும் கடிதம் எழுதி முத்திரை குத்திக் குடுத்தார். ஊர் அலுவல் பாக்கிற விதானையாரும் கையெழுத்து வைச்சார். ரண்டு கிழமைக்கு முதல் மரியரட்ணம் எண்ட பெடியன் இதே மாதிரிக் கடிதத்தோடை போய் ஒரு கரைச்சலும் இல்லாமல் கொழும்பிலை இறங்கினவன். அதாலை எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டினம்.

லூர்த்தம்மாவுக்கு மட்டும் மூச்சு வரேல்லை. புதன்கிழமை ஒருத்தற்றை உடுப்பையும் வேண்டாமல், மிசின் பழுது எண்டு சொல்லிப் பெண்டுகளைத் திருப்பி அனுப்பினாள். பிறகு கதவைச் சாத்திப்போட்டு மிசினைத் துப்புரவாக்கத் தொடங்கினாள். வலையைத் தேய்ச்ச தேய்ப்பிலை கம்பி ஒண்டு அறுந்து போச்சு. வலை இருக்கிற பள்ளத்துக்குள்ளை ஈர்க்கிலை விட்டுக் கிண்டி, மாசக் கணக்காய்க் கிடந்த பஞ்சை இழுத்தெடுத்தாள். பின்குழாயைக் கழட்டி முத்தத்திலை அடிச்சு உதறினாள். கண்ணாடிக் கதவை மூண்டு தரம் துடைச்சாள். திங்கட்கிழமை செய்யாத வேலையைப் புதன்கிழமை எவ்வளவு செய்தென்ன? கை ஓய்ஞ்ச உடனை திரும்ப அந்த அட்டைதான் நெஞ்சிலை குத்திச்சுது.

பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழந்தாளிலை இருந்து, கோபப்பட்டனான், வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிட்டனான், புறணி கதைச்சனான் எண்டு ஒவ்வொண்டாய்ச் சொன்னாள். அட்டைக் கதையை மட்டும் சொல்லேல்லை. அந்தக் கடிதத்தை எழுதின அதே சுவாமியார் மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பினார். மூண்டுதானா எண்டு அவளுக்கு அழுகை வந்தது.

வரேக்கைதான் ஒரு யோசனை பிடிச்சுது. கடிதம் வெறும் கடிதம். அட்டை கருகினாலும் அட்டைதானே? மூண்டு இலக்கம் தெரியுது, அரசாங்க முத்திரை அரைவாசி தெரியுது. இதையும் காட்டினால் ஆமி இன்னும் நம்புவான்தானே? குடுக்காமல் விட்டு அவனுக்கு ஏதும் நடந்தால் அந்தப் பழி என்ரை தலையிலைதானே? நினைக்க நினைக்க அது நியாயமாய்ப் பட்டுது. அவனுக்காகத்தான் குடுக்கிறன் எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையிலை அவளுக்கு அந்தச் சுமையை எங்கையாவது இறக்கி வைக்கவேணும்.

வியாழன் காலமை நல்ல மழை. அவள் பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போய்ச் சேரேக்கை பஸ் புறப்படத் தயாராய் உறுமிக்கொண்டு நிண்டது. அடைக்கலநாதன் மிதிபலகைக்குக் கிட்ட நிண்டான். இராசாத்தி அவன்ரை தலையிலை விழுந்த மழைத் தண்ணியைச் சீலைத் தலைப்பாலை துடைச்சுக்கொண்டிருந்தாள். செபநாயகம் பையைப் பிடிச்சுக்கொண்டு, மகனைப் பாக்காமல், நாலடி தள்ளி நிண்டான்.

லூர்த்தம்மா அட்டையை எடுத்து நீட்டினாள்.

"தம்பி, உது என்ரை மிசினுக்குள்ளை எரிஞ்சது. வலையைத் துப்புரவாக்காமல் விட்டது நான்தான். ஒளிச்சு வைச்சதும் நான்தான்."

இராசாத்தியின்ரை கை அப்படியே நிண்டுட்டுது. பெடியன் அட்டையை வேண்டித் திருப்பித் திருப்பிப் பாத்தான். அடிச்சாலும் வாங்கிறதெண்டுதான் லூர்த்தம்மா நிண்டாள். அவன் அவளைப் பாக்கக்கூட இல்லை. நேரே தேப்பனிட்டைப் போனான்.

"அப்பு, நான் துலைக்கேல்லை. பாருங்கோ."

செபநாயகம் அட்டையைப் பாத்தான், மகனைப் பாத்தான். கையை எடுத்து அவன்ரை தோளிலை வைச்சான். பெடியன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிச்சான். உதையும் கடிதத்தோடை சேத்து வைச்சுக்கொள், இல்லாததுக்கு இருக்கிறது நல்லதுதானே எண்டு செபநாயகம் சொல்ல, அவன் ரண்டையும் ஒரே உறையிலை வைச்சான். கொண்டக்ரர் விசிலடிச்சான். ஏறேக்கை பெடியன் திரும்பி, பறவாயில்லை மாமி எண்டிட்டுப் போனான்.

லூர்த்தம்மா வீட்டை வந்து பாணும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். மூண்டு நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் கண்ணயர்ந்தாள்.

வெள்ளி மத்தியானம் உரும்பிராயிலையிருந்து கனகசபாபதி எண்டொரு மனிசன் இராசாத்தி வீட்டைத் தேடி வந்தார். அந்த பஸ்ஸிலை பெடியனுக்குப் பக்கத்திலை இருந்து போய், இடைவழியிலை இறங்கித் திரும்பினவராம். சோதனைச் சாவடியிலை எல்லாரையும் இறக்கி வரிசையிலை விட்டிருக்கிறாங்கள். ஆமிப் பெரியவன் கடிதத்தை வாசிச்சுத் தலையாட்டி, மடிச்சுத் திருப்பிக் குடுத்தவனாம். பஸ்ஸிலை ஏறச் சொல்லிக் கையும் காட்டியாச்சு. அப்பதான் பெடியன், கள்ளமில்லாமல், அட்டை துலையேல்லை ஐயா, இந்தா கிடைச்சிட்டுது எண்டு உறைக்குள்ளையிருந்து எடுத்து நீட்டினவனாம். பெரியவன் கடிதத்தைத் திரும்ப வேண்டிப் பாத்திருக்கிறான். கடிதத்திலை துலைஞ்சுதெண்டு கிடக்கு. கையிலை அட்டை கிடக்கு, அதுவும் முகத்தையும் இலக்கத்தையும் தேடி எரிச்ச மாதிரி. மிசின் எண்டு பெடியன் சொன்னதை ஒருத்தனும் விளங்கிக்கொள்ளேல்லை. ஆளை ஒரு பக்கம் இழுத்து இருத்திப்போட்டு பஸ்ஸைப் போகச் சொன்னாங்களாம். இதைச் சொல்லேக்கை அந்த மனிசன் ஒருத்தற்றை முகத்தையும் பாக்கேல்லை.

செபநாயகம் கேட்ட கையோடை சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு சாவடிக்கு வெளிக்கிட்டான். ஒழுங்கைப் பெண்டுகள் வந்து வந்து போச்சினம். எல்லாரும் போன பிறகு லூர்த்தம்மா வேலிப் படலையைத் திறந்து போனாள். இராசாத்தி குசினி நிலத்திலை கால்நீட்டி இருந்தாள். அடுப்பு மூட்டேல்லை. லூர்த்தம்மா அவளுக்குப் பக்கத்திலை குந்தி, நான் நல்லதுக்கெண்டுதான் குடுத்தனான் பிள்ளை, அவனுக்கு உதவுமெண்டுதான் குடுத்தனான் எண்டு சொல்லிச் சொல்லி அழுதாள்.

இராசாத்தி அழேல்லை. ஏசவும் இல்லை.

"மூண்டு நாள் பொய் சொன்னனீங்கள், அக்கா. நாலாம் நாளும் சொல்லியிருக்கலாமே."