படத்துக்கு வந்த மேடை

தரகர் தங்கதுரை போனை நீட்டிக் காட்டியபோது, அது என் வீட்டு அடுப்படி என்றே எனக்குத் தெரியவில்லை. சுவர் முழுக்க டைல்ஸ். இடுப்பு உயரத்தில் பளபளவென்று கறுப்பு கிரானைட் மேடை, அதன்மேல் கேஸ் அடுப்பு, பக்கத்தில் ஒரு கூடை ஆப்பிள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் எங்கள் வீட்டில் ஆப்பிள் வாங்குவோம்.

"இது யாரு வூடுங்க?" என்று கேட்டேன்.

"உங்க வூடுதான் அண்ணி. நேத்து நான் எடுத்துக்கினு போன போட்டோவ ஏஐல போட்டேன். அதுவே அலங்காரம் பண்ணிக் குடுத்துடுச்சி. ஒரு நிமிஷம்கூட ஆவல. இப்படிப் போட்டாதான் ஆளு வரும்."

நேற்று அவர் படம் எடுத்தபோது நான் அந்த மூலையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் இப்போது ஒரு ஃப்ரிட்ஜ் நின்றது. சரி, தொலையட்டும், என்னை யார் காசு கொடுத்து வாங்கப்போகிறார்கள்? மேடையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

கச்சிராயபாளையம் பக்கத்தில், மலையடிவாரத்தில் என் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்த மனை இது. இதில் வீடு கட்டிய நாளிலிருந்து என் புருஷன் செல்லமுத்துவிடம் நான் கேட்டது நகையில்லை, பட்டுப்புடவையில்லை, நின்று சமைக்க ஒரு மேடை. அறுவடை முடியட்டும் என்றார். முதலில் போர்வெல் போட்டுவிடுகிறேன் என்றார். இளவரசன் படிப்பு முடியட்டும் என்றார். கேஸ் அடுப்பு வந்த பிறகும் அதைத் தரையில் பலகைமேல் வைத்து, குந்திக் குந்தித்தான் ஆக்கிப் போட்டேன். மூட்டு இரண்டும் போயிற்று. இனி தனியாக இருக்க வேண்டாம், கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடுங்கள் என்று மகன் இளவரசன் கூப்பிட்டதால்தான் வீட்டையே விற்கிறோம்.

தங்கதுரை போனதும் என் புருஷனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மாமா, நான் கேட்டப்பல்லாம் வழியில்ல. வாங்க வர்றவனுக்கு மட்டும் ஒரு நிமிஷத்துல மேடை மொளைக்குதா?"

"அது படம்டி. படத்தப் பாத்துக்கினு சண்டைக்கு வர்றியே."

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாது. வர்றவங்க எங்க மேடைன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"நீ வாயத் தொறக்காத. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முருகவேல் என்ற பையன், மில்லில் வேலை. அவன் பெண்டாட்டி கவியா, நெடுநெடுவென்று வளர்த்தி, ஆறேழு மாச வயிறு. வாசல், கூடம், கிணற்றடி எல்லாம் அவனுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் அடுப்படி வாசலில் நின்று போனைப் பார்த்தாள், தரையில் இருந்த என் அடுப்பைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"மேடை எங்கங்க?" என்றாள்.

"அது ஒரு மாதிரிக்குப் போட்டதும்மா" என்று தங்கதுரை சிரித்து மழுப்பினார்.

முருகவேல் அவள் தோளைத் தட்டினான். "வூடு நல்லா இருக்குது கவி. குடி வந்துட்டு அப்பால கட்டிக்கலாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு "சரி" என்றாள்.

அந்தச் சரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே சரியை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். என் புருஷன் கண்ணால் ஜாடை காட்டியதைப் பார்த்தும் வாயைத் திறந்தேன்.

"மனை என் பேர்ல இருக்குது. ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்து நான்தான் போடணும். படத்துல இருக்கிற மேடைய இங்க கட்டினாதான் போடுவேன்."

அவர்கள் போன பிறகு வீட்டில் ஒரே ரகளை. "விக்கப்போற வூட்டுக்கு எவனாச்சும் மேடை கட்டுவானா? ஊரே சிரிக்கும்டி" என்று இவர் குதித்தார். சிரிக்கட்டும் என்று நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் கொத்தனார் கந்தசாமியைக் கூட்டிவந்தார்.

கந்தசாமி சுவரைத் தட்டிப் பார்த்தார். "யாரு ஒசரத்துக்குக் கட்டணும்?"

"அந்தப் பொண்ணு ஒசரத்துக்குக் கட்டுங்க" என்றேன். போன் போட்டு அளவு கேட்டுச் சொன்னேன்.

"எத்தினி நாளு ஆவும்?" என்று இவர் கேட்டார்.

"இன்னா பெரிய வேலை. ரெண்டு நாளு."

"ரெண்டு நாளுதானா?" என்றார் இவர். கொத்தனார் தலையாட்டினார். அன்று முழுக்க இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவமென்று தோன்றவில்லை எனக்கு.

பத்திரம் பதிய இருந்த நாளுக்கு முந்தின நாள், அந்த வீட்டில் கடைசிச் சமையல். அடுப்பை மேடைமேல் தூக்கி வைத்து, நானும் நின்றேன். ஆசை தீர நின்று ஆக்க வேண்டும் என்றுதான் இருந்தது. உலையில் அரிசி கொதி வருவதற்குள் முட்டி வெடவெடத்தது. கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இவர் பார்த்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தால் மேடை என் மோவாய்க்கு வந்தது. அடுப்பில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

"தள்ளு. நான் ரசம் வைக்கிறேன். நீ சொல்லு" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார்.

உப்பு எந்த டப்பா என்று கேட்டார். புளியை எவ்வளவு கரைப்பது என்று கேட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். சட்டியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"ஏய் அம்சா, இங்க நின்னா மலை முழுசா தெரியுதுடி."

"அப்படியா?" என்றேன். தரையில் குந்தியவளுக்கு அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும்.

"எழுந்து வந்து பாரேன்."

"நிக்க முடியல மாமா. நீ பாத்துச் சொல்லு."

"மேல கொஞ்சம் மேகம் இருக்குது. கீழ பச்சையா..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் சொல்ல முடியாமல் ஜன்னல் பக்கமே திரும்பி நின்றுவிட்டார். ரசம் பொங்கி மேடையில் வழிந்தது. அடுப்பை அணைக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.