வெயில் விழும் கொடி

பக்கெட்டில் மூன்று துணி நாப்கின்கள் ஊறிக்கொண்டிருந்தன. அவள் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்து, இடது கையால் ஒன்றைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாள். அது வழுக்கிக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள்ளேயே போனது. வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. கட்டு நனையாமலிருக்க ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையை மாட்டி, மேலே ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். காலால் மிதித்துப் பார்த்தாள். தண்ணீர் தெறித்து முகம் நனைந்ததே தவிர வேலை ஒன்றும் ஆகவில்லை.

சீருடை தைக்கிற கம்பெனியில் அவள் தையல்காரி. மாடிப்படியில் துணி மூட்டைகளை அடுக்கி வைக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன இடத்தில்தான், மூட்டை தடுக்கி ஆறு படி உருண்டாள். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. மேனேஜர் ஆட்டோ வரை கூட வந்து, "கை சரியானதும் வாம்மா, உன் மெஷின் எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லி அனுப்பினார். அதோடு சரி. கட்டுப் போட்டுப் பத்தாவது நாள் மாதவிலக்கு வந்தது.

நாப்கின்கள் அவளே தைத்தவை. பத்து மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவளுக்குக் கடையில் வாங்குவது ஒத்துக்கொள்ளவில்லை. தொடையிடுக்கெல்லாம் அரித்துச் சிவந்துவிடும். இரண்டு வருடம் முன்பு சூப்பர்வைசரிடம் கேட்டு, வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளைக் கொண்டுவந்தாள். மேலே மெத்தென்ற பருத்தி, உள்ளே பழைய துண்டு நாலு மடிப்பு, அடியில் ஈரம் கசியாமலிருக்க ஓர் அடுக்கு குடைத்துணி, இரண்டு பக்கமும் மடித்துப் பூட்ட இறக்கை, இறக்கையில் டிச் பட்டன். ஓரத் தையல் ஒரு நூல்கூட உறுத்தக் கூடாது என்று முதல் மூன்றையும் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். மொத்தம் எட்டு. ஒன்று பூப்போட்டது, ஒன்று கட்டம், ஒன்று பொடிப்பொடி மீன். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் நல்ல துணியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

இரண்டரை மணிக்குக் கணவன் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தான். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினைந்து வருடமாக வேலை. அவனிடம் போகாத கறை கிடையாது என்பதால் அங்கே அவனைக் 'கறை மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றும்போதே குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"என்ன பண்றே அங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சியெல்லாம் தண்ணி?" கிட்டே வந்து பக்கெட்டைப் பார்த்தான். அவள் சட்டென்று பாவாடையை இழுத்து மறைத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். இந்தப் பக்கெட்டை அவன் கண்ணில் காட்டியதில்லை.

"தள்ளு. நான் அலசறேன்."

"ஐயய்யோ, வேண்டாங்க. அசிங்கம்."

"எது அசிங்கம்? காலையிலேர்ந்து நான் என்ன மல்லிகைப்பூவா தொடுத்துட்டு வரேன்? ஆபரேஷன் தியேட்டர் துணி மட்டும் நாப்பது மூட்டை."

"அது ஆஸ்பத்திரி. இது வீடு."

"துணிக்கு அது தெரியாது" என்றவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது. தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தான். "பச்சைத் தண்ணி. பரவாயில்ல, விஷயம் தெரிஞ்சவதான். இதுல ஒரு மூடி பிளீச்சிங் ஊத்தினா பளிச்சுனு ஆயிடும்."

"ஊத்துவீங்க. இது உங்க ஆஸ்பத்திரி விரிப்பு இல்ல, உடம்புல படற துணி. பிளீச்சிங் போட்டா துணி மொரமொரன்னு ஆயிடும், குடைத்துணியும் போயிடும். வெறும் தண்ணியில செவப்பு வர்றது நிக்கற வரைக்கும் அலசணும். அப்புறம் சோப்பு. பிரஷ் போடக் கூடாது."

"சரி மேடம்." ஒன்றை எடுத்துக் கயிறு போல முறுக்கினான்.

"முறுக்காதீங்க. உள்மடிப்பு சுருண்டுக்கும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு அமுக்குங்க. ஆங், அப்படி."

"அம்பது கிலோ மெஷின் ஓட்டறவனுக்கு இப்படி ஒரு டிரெயினிங்கா?" என்றான். ஆனால் சொன்னபடிதான் செய்தான். மூன்று தண்ணீர் மாற்றினான். கடைசித் தண்ணீரை மக்கில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு பொட்டு நிறமில்லை என்று அவளிடம் காட்டினான். பரீட்சைத் தாளை நீட்டுகிற பையன் மாதிரி இருந்தது அந்த முகம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கம் எப்போது போனது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் ஒரு மூன்று, அதற்கடுத்த நாள் இரண்டு என்று எல்லாவற்றையும் அவனே அலசி, பிழிந்து, மொட்டைமாடியில் காயப்போட்டான். அங்கேதான் வினை வந்தது.

அவள் எப்போதும் கொடியின் கோடியில், துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் போடுவாள். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் போடுவது போலக் கொடியின் நட்டநடுவில், நாப்கின்களை வரிசையாக, இடைவெளி விட்டு, ஒன்றுக்கு இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தான். வெயில் நேராக விழுந்தது. மீன் போட்டது காற்றில் ஆடியது.

பதினொரு மணிக்குக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா வந்தாள். ஆறு குடித்தனம் இருக்கிற அந்தக் கட்டடத்துக்கு அவள் வைத்ததுதான் சட்டம்.

"மாடியில என்னதும்மா அது?"

"துணிதான் அக்கா."

"என்ன துணின்னு எனக்குத் தெரியாதா? அதுவும் உன் வீட்டுக்காரரே கொண்டுவந்து மாட்டினாராம். எதிர் வீட்டு ஜன்னல்லேர்ந்து எல்லாரும் பாக்கறாங்க. மானம் மரியாதையா இருக்கற இடம் இது. போய் எடு. இன்னொரு தடவை பாத்தேன்னா வேற வீடு பாத்துக்கோங்க."

அவள் மாடிக்கு ஏறினாள். கை இப்படி இருக்கும்போது வேறு வீடு தேடி எங்கே அலைவது. இடது கையால் ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, துணியைத் தோளில் போட்டாள். நாலு எடுத்தாயிற்று. ஐந்தாவதைத் தொட்டபோது கை நின்றது. துணி சூடாக இருந்தது. உள்மடிப்பு வரைக்கும் ஈரமில்லாமல் காய்ந்து, வெயில் வாசனையோடு. துண்டுக்கு அடியில் போட்டால் இரண்டு நாளானாலும் இப்படிக் காயாது. போன மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு, அரிப்பு புண்ணாகி, நாலு நாள் நடக்க முடியாமல் போனது. நல்ல வெயிலில் போடுங்க என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்.

"ஏன் எடுக்கறே? இன்னும் வெயில் இருக்கே."

இரண்டாம் மாடி கண்டக்டரக்கா ஈர யூனிஃபார்மோடு வந்து நின்றாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டுக் கேட்டுக் கரகரத்துப்போன குரல்.

வாயிலிருந்த கிளிப்புகளை எடுத்துவிட்டு அவள் விஷயத்தைச் சொன்னாள்.

கண்டக்டரக்கா மீன் போட்டதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு நாளா இது என்னன்னு யோசிச்சுட்டிருக்கேன். பொம்மைக்குச் சட்டைன்னு நெனைச்சேன்." டிச் பட்டனைப் போட்டுக் கழற்றினாள். "உறுத்தாதா?"

"போட்டிருக்கறதே தெரியாது."

"எனக்கு எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே டூட்டி. கடைசி ஸ்டாப்புல கக்கூஸ் கிடையாது. அந்த நாள்ல எறங்கும்போது காலை அகட்டி அகட்டித்தான் வருவேன், தோல் உரிஞ்சு போயிருக்கும். எனக்கும் தைச்சுக் குடேன்."

"கையைப் பாத்தீங்கல்ல அக்கா."

"கைதானே கட்டுப் போட்டிருக்கு, வாய்க்கில்லையே. நீ சொல்லு, நான் வெட்டறேன்."

அவள் தோளிலிருந்த நாலையும் மறுபடி கொடியில் போட்டாள். கண்டக்டரக்கா கிளிப் மாட்டினாள். பிறகு மாவுக்கட்டுக் கையோடு அவள் நேராகக் கீழே போய் வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, அதை நெழல்ல போட்டா எனக்குப் புண்ணாகுது. போன வருஷம் பட்டுட்டேன். அலசின துணி, ஒரு கறை கிடையாது, நீங்க தொட்டே பாக்கலாம். காலி பண்ணணும்னா பண்ணிடறோம், கை சரியாகட்டும். அதுவரைக்கும் வெயில்லதான் காயும்."

வீட்டுக்காரம்மா கரண்டியும் கையுமாக அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாய் நீளந்தான் உனக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அறையில் வேலை நடந்தது. கட்டிலில் துணியைப் பரப்பி, அட்டையில் வரைந்த அளவை வைத்து, அவள் இடது கையால் காட்டக் காட்டக் கண்டக்டரக்கா வெட்டினாள். முதல் நாப்கினுக்கு ஓர் இறக்கை பெரிதாகவும் ஓர் இறக்கை சிறிதாகவும் வந்தது.

"இது ஒரு பக்கமாவே பறக்கும் அக்கா."

"பறக்கட்டும். எங்க பஸ்ஸும் ஒரு பக்கமாத்தான் ஓடுது."

கணவன் தரையில் உட்கார்ந்து துண்டு மடிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கட்டிலில் அடுக்கிய மடிப்பெல்லாம் மூலைக்கு மூலை ஆஸ்பத்திரிப் போர்வை போலக் கச்சிதமாக இருந்தது. "என் வீட்டுக்காரர் வென்னீர் வெக்கக்கூட அடுப்பைத் தேடுவார்" என்று கண்டக்டரக்கா சொன்னதும், அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"ரொம்பத் தூக்காதீங்க, துணி கருகுது" என்றாள் அவள். மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. வீட்டுக்காரம்மா.

சிரிப்பு அப்படியே நின்றது. கண்டக்டரக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வீட்டுக்காரம்மா உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. இடுப்பில் மடித்து வைத்திருந்த பழைய போர்வை ஒன்றைக் கட்டில் மேல் போட்டாள்.

"நல்ல பருத்தி. பத்து வருஷம் தொவைச்சுத் தொவைச்சு மெத்துன்னு ஆயிடுச்சு. உங்களுக்கு ஆகுமா?"

அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். "அருமையா ஆகும் அக்கா."

"அப்போ..." வீட்டுக்காரம்மா கணவனைப் பார்த்தாள். அவன் இஸ்திரிப் பெட்டிக்குள் ஏதோ தேடுவது போலத் தலையைக் குனிந்துகொண்டான். "என் தங்கச்சிக்கு நாலு வேணும். அவளுக்குக் கடையில வாங்கறது ஒத்துக்கல."

"தைச்சுடலாம். தங்கச்சி என்ன அளவு அக்கா?"

"என் அளவுதான்."

"எத்தனை மணி நேரம் போட்டுக்குவாங்க?"

"மத்தியானம் ஒரு தரம் மாத்துவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது கண்டக்டரக்காதான். அப்புறம் யார் யாரை அடக்குவது. வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வர.

அடுத்த வாரம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே புதுக் கொடி கட்டியிருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் விழுகிற இடம். கயிறு வீட்டுக்காரம்மா கொடுத்தது. எதிர் வீட்டுப் பெண் ஜன்னலிலிருந்து, அதெல்லாம் என்ன என்று கேட்டதற்கு, "வந்து பாரு, சொல்றேன்" என்று கீழிருந்தே பதில் சொன்னதும் வீட்டுக்காரம்மாதான். மாதக் கடைசியில் அந்தக் கொடியில் மூன்று வீட்டு நாப்கின்கள் ஆடின.

கட்டுப் போட்டு ஆறு வாரம் ஆனதும், அதை வெட்டக் கணவன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே போனாள். கட்டைப் பிரித்ததும் கை வெளிறி, மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. விரல்களை மடக்கினாள், மடங்கின. டிச் பட்டன் தைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. முதல் வேலையாகக் கணவனிடம் காட்ட வேண்டும் என்று, வழி கேட்டுக் கேட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் இறங்கிச் சலவைப் பிரிவுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அங்கே வந்ததே இல்லை.

கொதிக்கிற நீராவியும் மருந்து நெடியும் வாசலிலேயே முகத்தில் அடித்தன. உள்ளே அன்று பார்வையிடப் பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். தரையெல்லாம் கழுவிப் பளபளத்தது. மெஷின்களுக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் முழங்கை வரை நீலக் கையுறை, கால்களில் ரப்பர் பூட்ஸ். கணவனும் அந்த வரிசையில் நின்றான். கையுறையில் கடையிலிருந்து வந்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை. ஒருவர் போட்டோ எடுத்தார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அதிகாரிகள் படியேறிப் போனதும் அவன் அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். அவள் கையை நீட்டி விரல்களை ஆட்டிக் காட்டினாள். அவன் வாயெல்லாம் பல்.

"புதுக் கையுறையா? சொல்லவே இல்லையே" என்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். "கழட்டுங்க, கழட்டுங்க. பூட்ஸும்தான். தண்ணி படாம கழட்டுங்கப்பா."

ஆட்கள் பேசிக்கொண்டே கழற்றினார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு ஜோடியாகத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, சுவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"நீ வாசல்லயே இரு. ஒரு லோடு போட்டுட்டு வந்துடறேன், சேர்ந்தே போகலாம்" என்றான் கணவன்.

லிஃப்ட் திறந்து ஆபரேஷன் தியேட்டர் துணி வண்டி வந்து நின்றது. மூட்டையின் அடிப்பக்கம் நனைந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். முடிச்சை அவிழ்த்து, இரண்டு வெறுங்கைகளையும் உள்ளே விட்டான்.