ஓரத்தில் பென்சில்

வீட்டில் அவளுக்குப் பெயர் பாதி. தையல் பாதி, கார் ஓட்டுவது பாதி, நீச்சல் இடுப்பளவு தண்ணீரோடு சரி. பெயர் வைத்தவள் கணவனின் அக்கா. ஒரு வரி எழுதமாட்டாள். எல்லாம் போனில் குரல்பதிவுதான். அந்த வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்? புரோகிராமிங் கற்கப்போகிறேன் என்றதும், "இதுவும் பாதியா?" என்று குரல் வந்தது. இதுவும் நின்றுபோனால் அந்தப் பெயரைத் தானே நம்பிவிடுவோம் என்று பாதிக்குப் பயமாக இருந்தது.

ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிக்கும் வேலை. மதியத்தில் நீராவி கூரைவரை ஏறி, ஜன்னல் வெளிச்சம் பாலாகிவிடும். அந்த வெண்மைக்குள் நின்றுகொண்டு ஒரு பெரிய இணையக் குழுமத்தில் கேட்டாள்: எந்தப் புத்தகம் நல்லது? நாற்பத்துமூன்று பேர் நாற்பத்துமூன்று புத்தகம் சொல்லித் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். கேட்டவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு புத்தகத்தில் முப்பது முப்பது பக்கம் மேய்ந்து களைத்தாள்.

ஐந்தாவது, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் கேட்ட சந்தேகங்கள். 'எண்ணிக்கை ஏன் சைபர்ல ஆரம்பிக்குது?' அட, அவள் கேட்க வெட்கப்பட்ட அதே கேள்வி! ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் குழுமத்துக்கு எடுத்துப்போனாள். அங்கே ஒரு வழக்கம்: பதில் வாங்கியவர், புதிதாக வரும் ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டும். வந்த பதிலைக் கேள்விக்குக் கீழே எழுதிவைத்தாள். முகம் தெரியாத அந்த ஆளோடு ஒரே மேசையில் படிப்பதுபோல் மனசு மிதந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், தன்னைத்தானே மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு நிரல். ஓரத்தில், 'இது எங்க போய் நிக்கும்? என் மண்டைக்கு இதெல்லாம் ஏறாது.' அதற்குப் பிறகு பென்சில் இல்லை. பாதி அந்தக் கேள்வியையும் குழுமத்துக்கு எடுத்துப்போனாள்.

அங்கே 'பூனைமீசை' என்பவர் திருப்பிக் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேலை?"

"விரிப்பு மடிக்கிறது."

"எப்படி மடிப்பீங்க?"

"பாதியா. அப்புறம் அதுல பாதி. அலமாரித் தட்டுல அடங்குற வரைக்கும்."

எழுதும்போதே புரிந்துவிட்டது. தட்டில் அடங்கியதும் நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். அதையும் ஓரத்தில் எழுதினாள். ஆனால் அடுத்த பக்கத்தின் ஓரம் வெறிச்சென்று இருந்தது. கேட்க ஆளில்லை. அங்கேயே மூன்று வாரம் ஓடியது.

ஞாயிறு மாலை கணவனின் அக்கா வந்தாள். மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்ததும் கையில் எடுத்தாள். நின்றபடியே புரட்டினாள்.

"இது நான் எடைக்குப் போட்டதாச்சே. யார் பதில் எழுதினது?"

"நான்தான் அண்ணி. கேட்டுக் கேட்டு எழுதினேன்."

அண்ணியின் விரல் நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. பாதிக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

"அடுத்த பக்கத்துல என்ன இருக்கு?" என்றாள் அண்ணி, சின்னக் குரலில்.

பாதி நாற்காலியை இழுத்துப் போட்டு, பென்சிலை அவள் கையில் வைத்தாள்.

"தெரியல. மூணு வாரமா அங்கேயே நிக்கிறேன். நீங்க கேட்டாத்தான் எனக்கு ஓடும். உக்காருங்க அண்ணி."