அக்டோபரில் வரும் சட்டம்

எங்கள் மாநிலத்தில் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூடும். ஒற்றைப்படை வருஷம் பார்த்து, ஜனவரியில், பனி இடுப்பளவு கிடக்கும்போது திறப்பார்கள். ஏப்ரல் முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துப் பூட்டிவிடுவார்கள். அங்கே உட்காருகிறவர்கள் எல்லாரும் மாடு வளர்ப்பவர்கள், கோதுமை போடுகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், டிராக்டர் விற்பவர்கள். குளிர் விட்டதும் அவரவர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். "வருஷம் முழுக்க உட்கார வச்சா வருஷம் முழுக்கச் சட்டம் போடுவானுங்க, நாம எப்ப பொழைக்கிறது?" என்று எங்கள் ஊர்க் காபிக் கடையில் பேசிக்கொள்வார்கள். நியாயம்தானே என்று எனக்கும் தோன்றும்.

ஆனால் பாருங்கள், நோயும் மூப்பும் ஒற்றைப்படை வருஷம் பார்த்து வருவதில்லை.

என் பக்கத்து வீட்டு வெர்னா ஹாகென், பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முப்பது வருஷம் வேலை செய்தவள். எங்கள் ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவள் சமைத்ததைத் தின்று வளர்ந்தவர்கள். அவள் கணவர் லெஸ்டருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பேச்சும் நினைவும் போய்விட்டன. எங்கள் தெருமுனையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவரை வைத்திருந்தார்கள். அவருக்கு வெர்னா யாரென்று தெரியுமா என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் ஊட்டினால் சாப்பிடுவார். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். செவிலிகள் பாட்டுப் பாடிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் மத்தியானமும் சாயங்காலமும் வெர்னா நடந்து போய், மசித்த உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சிக் குழம்பும் ஊட்டிவிட்டு வருவாள்.

அந்த இல்லத்தை நடத்தி வந்த கம்பெனி, ஜூன் கடைசியோடு மூடப்போகிறோம் என்று சொல்லிவிட்டது. இருக்கிற கிழடுகளை எல்லாம் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய நகரத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். எங்கள் மாவட்டமும் பக்கத்து மாவட்டமும் கூடிப் பேசின. இரண்டும் சேர்ந்து இல்லத்தை எடுத்து நடத்தத் தயார். ஆனால் இரண்டு மாவட்டங்கள் சேர்ந்து ஒரே இல்லத்தை நடத்த எங்கள் மாநிலச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தை மாற்ற வேண்டும். மாற்றுகிறவர்கள் அந்த வருஷம் கூடுகிறார்கள். விட்டால் இரண்டு வருஷம்.

வெர்னாவால் அந்த நகரத்துக்குப் போய் வர முடியாது. கண்ணில் நடுப்பகுதி மங்கிப்போய்விட்டது; ஓரத்தில்தான் பார்வை. வண்டி ஓட்டக் கூடாது என்று வைத்தியர் உரிமத்தை வாங்கி வைத்துவிட்டார்.

எங்கள் பகுதியிலிருந்து கீழவைக்குப் போனவன் கிளின்ட் ரூஸ்டாட். முதல் தடவையாக ஜெயித்த பையன். பையன் என்றால் முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகளுக்கு அப்பன். மசோதாவை அவன்தான் கொண்டு வந்தான். பிப்ரவரியில் குழு விசாரணைக்கு வெர்னாவை என் பிக்கப் வண்டியில் தலைநகருக்கு அழைத்துப் போனேன். ஆறு மணி நேரப் பாதை, இரண்டு மலைக் கணவாய். நாங்கள் திரும்பும் வரை லெஸ்டருக்குப் பட்டினிதான்.

குழுத் தலைவர், "ஆளுக்கு ரெண்டு நிமிஷம்" என்றார்.

வெர்னா எழுந்து நின்றாள். "எனக்கு அவ்வளவு வேண்டாம். என் புருஷன் நான் ஊட்டினாத்தான் சாப்பிடுவார். மூணு மணி நேரம் தள்ளி வச்சா என்னால ஊட்ட முடியாது. அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ஓரத்தில் இருந்த தடித்த உறுப்பினர் ஒருவர், "என் பொண்டாட்டி சமையல்லருந்து தப்பிக்கிறதுன்னா நானே அந்தத் தூரத்தை நடந்து தாண்டிருவேன்" என்றார். அறையே சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள். எதிர்த்துப் பேச யாரும் வரவில்லை. கீழவையில் மசோதா நிறைவேறிய அன்று காபிக் கடையில் புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட ருபார்ப் பை என்ற இனிப்பை ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

பிறகு அது மேலவைக்குப் போய் ஒரு குழுவின் மேஜையில் கிடந்தது. ஏப்ரலில்தான் கையில் எடுத்தார்கள். ஒருநாள் மார்லிஸ் டோலன் வெர்னாவுக்குப் போன் செய்தாள். மார்லிஸ் எங்கள் பகுதியின் மேலவை உறுப்பினர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போனை ஒலிபெருக்கியில் போட்டு நானும் கேட்டேன்.

"வெர்னா, உட்கார்ந்திருக்கீங்களா? கிளின்ட்டோட மசோதாவுல எப்ப அமலுக்கு வருதுன்னு ஒரு வரியும் இல்ல."

"அதனால என்ன?"

"நம்ம மாநிலத்துல தேதி போடலைன்னா, எந்தச் சட்டமும் தானா அக்டோபர் முதல் தேதிதான் அமலுக்கு வரும்."

வெர்னா என்னைப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு பார்த்தாள்.

"ஜூன்ல மூடறாங்களே, மார்லிஸ்."

"அதான் கூப்பிட்டேன்."

மசோதா எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில், தேதி ஏதாவது போட வேண்டுமா என்று கிளின்ட்டிடம் கேட்டிருக்கிறார்கள். "எல்லாத்துக்கும் போடற மாதிரியே போட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறான். கையெழுத்து விழுந்த மறுநாளே சட்டம் வந்துவிடும் என்று நம்பியிருக்கிறான், பாவம். மாட்டுக்குச் சூடு போடத் தெரிந்தவனுக்கு இதை எல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்?

மார்லிஸ் ஒரு வழி சொன்னாள். மேலவையில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிடலாம்: 'நிறைவேறிய உடனே அமலுக்கு வரும்.' ஆனால் ஓர் எழுத்து மாறினாலும் மசோதா கீழவைக்குத் திரும்பப் போய், அவர்கள் அந்த மாற்றத்துக்கு இன்னொரு தடவை சம்மதம் சொல்ல வேண்டும். இரண்டு அவையும் ஒரே தாளுக்குச் சரி என்றால்தான் ஆளுநருக்குப் போகும்.

"கீழவை மாட்டேன்னு சொல்லுமா?" என்று கேட்டேன்.

"இதுக்கு யாருங்க மாட்டேன்னு சொல்லுவா? அஞ்சு நிமிஷ வேலை."

மறுபடியும் பிக்கப், மறுபடியும் இரண்டு கணவாய். கூட்டத்தொடரின் கடைசி வாரம். தலைநகரில் பனி உருகி எங்கும் சேறு. கட்டடத்துக்குள் தூங்காத முகங்கள். பாதி உறுப்பினர்களின் பெட்டி படுக்கை ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தது. கன்று ஈனும் பருவம். வீட்டிலிருந்து மனைவிமார்கள் மணிக்கொரு தடவை போன் செய்துகொண்டிருந்தார்கள்.

முற்பகலில் மேலவை அந்த வரியைச் சேர்த்தது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சுவரில் உறுப்பினர் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்குகள் எரிந்தன. அத்தனையும் பச்சை. அவை விதிப்படி மத்தியானத்துக்கு மேல் இன்னொரு வாக்கெடுப்பு, அதுவும் பச்சை. வெர்னாவுக்குப் பெயர்கள் தெரியவில்லை, நிறம் தெரிந்தது. "எவ்வளவு அழகா இருக்குடி, சோளக்காடு மாதிரி" என்றாள்.

தாளை எடுத்துக்கொண்டு ஒரு வாசல் காவலர் நடைபாதை வழியாகக் கீழவைக்குப் புறப்பட்டார். எழுபது வயது இருக்கும், கால் தாங்கித் தாங்கி நடந்தார். நாங்கள் அவருக்கு முன்னால் போய்க் கீழவை மாடத்தில் உட்கார்ந்துகொண்டோம்.

அங்கே வேறு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டு வரி விஷயத்தில் இரண்டு அவைக்கும் காலையிலிருந்து சண்டை. நாங்கள் அனுப்பியதை மேலவை குப்பையில் போட்டது, இனி அவர்கள் அனுப்புவதை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்று ஒருவர் மேஜையைத் தட்டிக் கத்தினார். இன்னொருவர் எழுந்தார். நிதானமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்தத் தீர்மானத்தின் மேல் விவாதம் கிடையாது. உடனே வாக்கு. விளக்குகள் எரிந்தன. பச்சை, பச்சை, நடுவில் கொஞ்சம் சிவப்பு, மறுபடியும் பச்சை.

சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். கீழே தாள்கள் பறந்தன. "வீட்டுக்குப் போறோம்டா!" என்று யாரோ கூவினார்கள். ஆண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"என்னடி, சாப்பாட்டு இடைவேளையா?" என்று வெர்னா கேட்டாள்.

"இல்ல வெர்னா. முடிச்சுட்டாங்க."

"நம்ம தாளு?"

நான் வாசலைப் பார்த்தேன். அந்தக் காவலர் கோப்பை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்த எழுத்தர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவையே இல்லை, யார் வாங்குவது?

படிக்கட்டில் கிளின்ட் எதிரே வந்தான். தொப்பி கையில். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மிசஸ் ஹாகென்... தாள் எல்லாம் வந்து முடிஞ்சிருச்சுன்னு எங்க வரிசையில சொன்னாங்க. எல்லாரும் அழுத்தினாங்க."

"நீ?"

"நானும் பச்சைதான் அழுத்தினேன்."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்பு, தோள் குலுங்கியது.

"திரும்பக் கூப்பிட முடியாதாடா?" என்று கேட்டேன்.

"ஆளுநர் கூப்பிடணும். இல்ல, பாதிக்கு மேல உறுப்பினருங்க கையெழுத்துப் போட்டுக் கேக்கணும். ஒரு ஊர் முதியோர் இல்லத்துக்காக யார் போடுவா, பெர்னிஸ் ஆன்ட்டி? வாசல்ல பாருங்க, வண்டியைக் கிளப்பிட்டாங்க."

"எழுந்திரு கிளின்ட்" என்றாள் வெர்னா. "மத்தியானம் சாப்பிட்டியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். தன் கைப்பையிலிருந்து, எனக்கென்று கட்டி வந்திருந்த சாண்ட்விச்சை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைப் பிரிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

மார்லிஸ் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "எங்க அவை இன்னும் உட்கார்ந்திருக்கு. ஆனா ரொம்ப நேரம் இருக்காது. வெர்னா, என்கூட இப்படி வாங்க."

ஜன்னல் பக்கம் போய் நின்றோம். மார்லிஸ் வகுப்பில் கணக்கு விளக்குவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேலவை தான் சேர்த்த வரியைத் தானே எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் கீழவை முன்பு நிறைவேற்றிய தாளும் இதுவும் ஒன்றாகிவிடும். யாரிடமும் திரும்பப் போக வேண்டாம். நேரே ஆளுநருக்கு. சட்டமாகிவிடும்.

"அக்டோபர்ல" என்றாள் வெர்னா.

"அக்டோபர்ல. இல்லத்தை அப்புறம் மறுபடி திறக்கலாம். ரெண்டு மாவட்டமும் திறப்பாங்க."

"ஜூன்ல லெஸ்டர் போயிருவாரு."

மார்லிஸ் மேலவைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்காம விட்டா?"

"மசோதா செத்துரும். சிறப்புக் கூட்டம் கேட்டு நானும் கிளின்ட்டும் அலைவோம். 'ஜூன்ல மூடறாங்க, ஆளுங்க வெளிய போறாங்க'ன்னு சொல்லிக் கேக்கலாம். கையில ஒரு சட்டத்தை வச்சுக்கிட்டுக் கேட்டா, 'அதான் அக்டோபர்ல வருதே'ன்னு சொல்லிருவாங்க."

"கிடைக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சு கிடைச்சதில்ல."

"அப்புறம் எதுக்கு மார்லிஸ் என்னைக் கேக்கறீங்க?"

"நீங்க வேண்டாம்னா நான் எடுக்க மாட்டேன். அதுக்குத்தான்."

எனக்கு அப்போது மார்லிஸ் மேல் கோபம் வந்தது. இதைக் கேட்காமலே செய்திருக்கக் கூடாதா? அந்தக் கண்தெரியாத பொம்பளையின் கையிலா கொண்டுவந்து கொடுப்பது? பிறகு யோசித்துப் பார்த்தால், கேட்காமல் செய்திருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும்.

வெர்னா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே புல்வெளியில் இரண்டு உறுப்பினர்கள் காலணியைத் துடைத்துவிட்டு ஒரே வண்டியில் ஏறினார்கள்.

"அங்க லெஸ்டருக்கு அடுத்த கட்டில்ல எட்னா பார்ஸ்டாட் இருக்கா" என்றாள் மெதுவாக. "அவ யார் குடுத்தாலும் சாப்பிடுவா. எங்க போனாலும் பொழைச்சுக்குவா. திரும்பியும் வருவா." கம்பியை விட்டாள். "எடுத்துருங்க."

மார்லிஸ் அவள் கையைத் தொட்டுவிட்டு ஓடினாள். நாங்கள் மாடத்துக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றோம். சுத்தியல் சத்தம் கேட்டது. எத்தனை பச்சை என்று நான் பார்க்கவில்லை.

ஜூன் கடைசியில் வேன் வந்தது. லெஸ்டரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றினார்கள். வெர்னாவும் கூடப் போய் ஒரு வாரம் அந்த நகரத்தில் மலிவான விடுதியில் தங்கினாள். அதற்கு மேல் முடியவில்லை. தெரு கடக்கும்போது ஒரு கார் அவளை இடிக்கப் பார்த்தது. நான் போய் அழைத்து வந்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளை வண்டியில் அழைத்துப் போனேன். அதற்கு மேல் என் முதுகும் இடம் கொடுக்கவில்லை.

அங்கே ஒரு செவிலி இருந்தாள், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், நல்ல குணம். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் அவள் போன் செய்வாள். போனை லெஸ்டரின் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் கரண்டியை நீட்டுவாள். வெர்னா தன் வீட்டுச் சமையலறையில், எதிரே ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தபடி பேசுவாள்.

"லெஸ், நான்தான். உருளைக்கிழங்கு. சூடு ஆறிருச்சு. எங்க, ஆ காட்டு."

சில நாள் அந்தப் பக்கத்திலிருந்து செவிலி, "வாங்கிட்டாரு!" என்று கத்துவாள். சில நாள் சத்தமே வராது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் தக்காளி கொடுக்கப் போனேன். வெர்னா போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை. "இன்னும் ஒரே ஒரு வாய், லெஸ்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து செவிலியின் "வாங்கிட்டாரு" வரவில்லை. மறுபடியும் அதையே சொன்னாள். நான் தக்காளியை மேஜையில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் தலையைச் சற்றே திருப்பி என்னைப் பார்த்தாள். பேசுவதை நிறுத்தவில்லை.