நெய்தலகத்தின் மூடிய சாளரம்

செந்தில்நாதன் ஐந்து மணிக்கு எழுந்தான். பாய் சுருட்டினான். பல் துலக்கினான். ஓர் ஆழாக்கு அரிசி களைந்து அடுப்பில் ஏற்றி, அது கொதிக்குமுன் குளித்து, சோறு வடித்து மூடிவிட்டு வாயிற்கதவைத் திறந்தான். குண்டூர் நாடு என்னும் மலைப்பகுதியின் மேல் கதிரவன் இன்னும் ஏறவில்லை. கொல்லிமலையின் முடிகளைப் போர்த்திய வெண்பனி, பள்ளத்தாக்குகளில் பாலெனத் தேங்கி, மிளகுக்கொடி தழுவிய மரங்களின் இடையே நெளிந்து, பலாவின் தடித்த இலைகளில் துளித்துளியாய்த் திரண்டு, எங்கோ வீழும் அருவியின் ஓசையை மட்டும் போகவிட்டு, ஏனைய ஒலிகளையெல்லாம் தன் மடியில் அடக்கிக்கொண்டு கிடந்தது. காண்பவர் நெஞ்சைக் கவரும் அழகுதான். அவன் கண்டான். உள்ளே திரும்பி அடுப்பை அணைத்தான்.

ரோஸ்லின் இறந்து அது தொண்ணூற்றிரண்டாம் நாள்.

அவன் மலைக்கு மாற்றலாகி வந்த நில அளவர். அவன் மனைவி ரோஸ்லின் அங்குள்ள அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்தவள். கீழைக் கடற்கரையில் முத்துறைப் பட்டினத்துப் பெண். அவ்வூர்க் கரையில் நிற்கும் நெய்தலகம் என்னும் அரண்மனையைப் பற்றி ஏழாண்டு உழைத்து அவள் எழுதிய நூல் இப்போது அச்சகத்தில் இருந்தது. அதன் முதற்பக்கத்தின் மெய்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு, அவள் தாய் அமலோற்பவம் அன்று காலைப் பேருந்தில் மலையேறி வந்துகொண்டிருந்தாள்.

படிப்பவரே, நெய்தலகத்தை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன், முத்துறைத் தலைவர் தம் இளமனைவி வடிவுடையாளுக்காக எடுப்பித்த மாளிகை அது. கடற்பாறையை அறுத்து அடுக்கிய சுவர்கள் மூன்று நிலைகளாய் உயர்ந்து, எண்பத்து நான்கு தேக்குத் தூண்கள் நடுமுற்றத்தைச் சூழ்ந்து நின்று, கூரைகள் கூடும் கூடல்வாய் வழியே இறங்கும் மழைநீரைக் கருங்கல் தொட்டி ஏந்திக்கொள்ள, கரையில் ஓய்வெடுக்க வந்து மீள மறந்த மரக்கலம் போல் அது தோன்றும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணத்தில் கருப்பட்டி நீரும் கடுக்காய் நீரும் வார்த்து, திங்கள் கணக்கில் அரைத்து, முட்டை வெண்கரு கூட்டி மெழுகிய அச்சுவர்களில், விளக்கேந்தி நடக்கும் பெண்ணுக்குத் துணையாக அவள் நிழலன்றி அவள் உருவமே நடந்து வருமாம். அக்கடுக்காய் கொல்லிமலையிலிருந்து பொதிமாடுகளில் இறங்கியது. மலைப்பள்ளிக்கு மாற்றல் ஆணை வந்த நாளில், "நம்ம அரண்மனைக்குப் பசை குடுத்த ஊருக்குப் போறோம்" என்று ரோஸ்லின் துள்ளினாள்.

அம்மாளிகைக்கு ஒரு குறை உண்டு. கடல் நோக்கிய மேல்நிலையில் வடிவுடையாளின் அறைக்கு மட்டும் கடற்பக்கம் சாளரம் இல்லை. கடலோடிய கணவர் மீளாது போக, முப்பதாண்டு தனித்திருந்த அவள், உயிர் பிரியும் வேளையில் "அந்தக் கடலை இனி இவ்வறைக்குக் காட்டாதீர்கள்" என்று சொன்னதாகவும், அன்றே சாளரத்தை அடைத்துவிட்டதாகவும் ஊர் சொல்லும், பாட்டாகவும் பாடும். ஒரு கோடை விடுமுறையில் செந்தில்நாதன் அளவுநாடாவுடன் அங்கே சென்றான். அறையை அளந்தான். விரல் மடக்கிச் சுவரைத் தட்டினான். ஓரிடத்தில் ஓசை மாறிற்று. மேற்பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது, அடைப்பின் உள்ளே சுண்ணச்சாந்து இல்லை, சிமிட்டி இருந்தது. வடிவுடையாள் மறைந்து முப்பதாண்டு கழித்தே அவ்வூருக்குள் சிமிட்டி வந்தது. உப்புக்காற்றுக்கு அஞ்சிய பின்னோர் அடைத்துவிட்டு, பழியை இறந்தவள் மேல் ஏற்றியிருந்தனர். அவளோ சாகும்வரை கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"செத்தவ வாயில யாரு வேணாலும் எதையும் திணிக்கலாம், கேக்கவா போறா" என்று ரோஸ்லின் அன்று சினந்தாள். அவள் நூல் முழுவதும் அந்தச் சினத்தின் மேல் நின்றது.

அத்தகையவளின் கணவன்தான் அடக்கத்தன்று ஒரு பொய் சொன்னான். கல்லறைத் தோட்டத்தில், மண் ஈரம் காயுமுன், அமலோற்பவம் அவன் கையைப் பற்றி, "எம்மக கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டாள். உண்மையை அந்த முகத்தின் முன் வைக்க அவனுக்கு நா எழவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். அன்று மாலைக்குள் அதை ஊரே அறிந்தது.

எட்டரை மணிக்குப் பேருந்து வந்தது. அண்டைவீட்டுப் பெருமாயி, அமலோற்பவத்தின் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"ஏனுங்க சார், அம்மா வந்துட்டாங்க. எழுவது வளைவுக்கும் எழுவது தடவை 'ஏசுவே'ன்னு கத்துனாங்களாம். கண்டக்டரு, சாமி வந்துருச்சோன்னு பயந்து டிக்கெட்டே கேக்கலையாமுங்க."

"சிரி, நல்லாச் சிரி," என்றாள் அமலோற்பவம், படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி. "உங்க ரோட்டப் போட்டவன் பாம்பு போன தடத்தப் பாத்துத்தான் போட்டிருப்பான். மாப்பிள்ளை, என்ன இப்படி எலும்பாப் போயிட்டீக?"

"சாப்பிடுறேன் அத்தை."

"சோத்த வடிச்சு மூடி வெக்கறாருங்க. அப்பறம் அது அப்படியே எங்கூட்டு மாட்டுக்கு வருதுங்க," என்றாள் பெருமாயி.

அமலோற்பவம் முந்தானையால் முகம் துடைத்து, பைக்குள்ளிருந்து தாளை எடுத்து, கண்ணாடி மாட்டி, திருப்பலியில் வாசகம் படிப்பவளைப் போல் ஓங்கிப் படித்தாள்: "'நெய்தலகத்தின் சாளரத்தை நீங்கள் திறந்துவிடுங்கள்.' ரோஸ்லின், இறுதி மூச்சில்."

பெருமாயியின் சிரிப்பு நின்றது. ரோஸ்லினை அவளது கடைசி நாளில் கீழே கொண்டுபோன வண்டியில் முன்னிருக்கையில் இருந்தவள் அவள். "நான் போய் மாட்டப் பாக்கறனுங்க, சாமி," என்று முணுமுணுத்து, அவன் முகத்தைப் பாராமல் இறங்கிப் போனாள்.

"பதினோரு மணிக்குள்ள அச்சாபீசுக்குப் போன்ல சரின்னு சொன்னா மெசின் ஓடுமாம்," என்றாள் அமலோற்பவம். "தெனமும் ராவுல செபம் முடிச்சு இதச் சொல்லிட்டுத்தான் படுக்கேன், மாப்பிள்ளை. இது இல்லேன்னா எனக்குத் தூக்கம் ஏது?"

அவன் தாளைப் பார்த்தான். சரி என்று ஒரு சொல் போதும். கிழவியின் உறக்கம் நிலைக்கும், நூல் வெளிவரும், ஊர் கண்ணீர் விடும். ஆனால் இறந்தவள் வாயில் பிறர் திணித்த சொல்லை ஏழாண்டு உழைத்துப் பெயர்த்தெடுத்தவளின் நூலுக்கு, அவள் வாயிலேயே திணித்த சொல் தலைவாயிலாக நிற்கும். அடைத்தவன் கை அவன் கையாக இருக்கும்.

"அத்தை, இதை அவ சொல்லல. நான் சொன்னது."

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றினாள். முற்றத்துப் பனி விலகி, வெயில் அவள் காலடி வரை வந்தது.

"எனக்குள்ளயும் ஒரு கேள்வி கெடந்துச்சு," என்றாள் பிறகு. "அவ என்னைக்கு இப்படி ஏட்டுத்தமிழ்ல பேசுனா? ஆனாலும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்." தாளை அவன் முன் வைத்தாள். "அடிச்சிருங்க அத. ஆனா நெசமா என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லணும். எதுவாயிருந்தாலும் சரி. நான் பெத்தவ."

அவன் அளவுகோலை வைத்து, அவ்வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தான். பின் சொன்னான், இடையில் நிறுத்தாமல் சொன்னான். ஏழு நாள் காய்ச்சல். காலையிலேயே மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள் ரோஸ்லின். பிற்பகல் ஆகட்டும் என்றவன் அவன். அடிவாரத்துக் காரவள்ளியை நோக்கி வண்டி இறங்குகையில் அவள் தலை அவன் தோளில் இருந்தது. கீழிருந்து எண்ணினால் நாற்பத்தோராம் வளைவில் அவளுக்குக் குமட்டியது. தலையைத் தூக்கினாள், அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினாள், ஒன்று சொன்னாள். சொன்னபடி அவன் விலகி உட்கார்ந்தான். முப்பத்தெட்டாம் வளைவில் மூச்சு நின்று அவள் தலை சாய்ந்தபோது, இருவருக்கும் இடையே ஒரு சாண் இருக்கை வெறுமையாய் இருந்தது. நிலம் அளந்து வாழ்ந்தவன் அவன். எத்தனையோ எல்லைகளைக் கண்டவன். அந்த ஒரு சாணை மட்டும் இன்றளவும் அவனால் கடக்க இயலவில்லை. கற்றவர் மாளிகையைப் பாடலாம், கல்லில் பொறிக்கலாம். போகிறவர்கள் போகும் வழியில் சொல்லிச் செல்வதோ, அடுப்படியில் அன்றாடம் சொன்னதைத்தான்.

"என்ன சொன்னா?" என்று மீண்டும் கேட்டாள் தாய்.

"'கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க சட்டை வீணாப் போயிரும்.'"