நாற்காலிக்குள் இருந்த முடி

எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? மூட்டுவலி, சளியெல்லாம் தேவலையா? எங்கள் மலைப்பக்கம் எண்பத்திரண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தலைச்சோலை மாதப்பன் எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் மெத்தை நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாதப்பன் காலமான பிறகு அது மனைவி காளியாயிக்கு வந்தது. அவள் மருமகள் அமுதா சேலத்துப் பெண், தலை நிறையச் சுருட்டை முடி. கல்யாணமாகி மூன்று வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

பழைய சாமான் வாங்குகிற பொன்னுவேல் சேலத்திலிருந்து வந்து நாற்காலிக்கு விலை மதிப்பதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், எலி கடித்த ஓட்டையைத் தைக்கலாமென்று காளியாயி மெத்தைக்குள் கையை விட்டாள். கொத்தாக முடி வந்தது. கறுப்பு, சுருட்டை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

ஒளித்து வைத்த முடியென்றால் செய்வினைதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கொத்தை அமுதாவின் சடையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். அமுதா தான் வைக்கவில்லையென்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். புருஷன் மாரியப்பன் எழுந்து வெளியே போய்விட்டான். முடியையும் மெத்தைத் துணியையும் காளியாயி முச்சந்தியில் போட்டுக் கொளுத்தினாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அமுதா பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டியது என்று முடிவானது.

பொன்னுவேல் வந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். அமுதா பெட்டியோடு வாசலில் நின்றாள். அவர் நாற்காலியைக் கவிழ்த்தார், மூட்டுகளைத் தட்டினார், ஈட்டி மரம், நூறு வருஷத்துக்குக் குறையாது என்றார். பிறகு வெறும் ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"உள்ள இருந்த குதிரை முடி எங்கீங்க?"

அந்தக் காலத்தில் குதிரை வால்முடியை முறுக்கி, வேகவைத்து, சுருட்டையாக்கித்தான் மெத்தைக்குள் அடைப்பார்கள் என்றார். அதுவும் மேல்துணியும் இருந்தால்தான் மதிப்பு, இனி இது வெறும் கட்டை என்றார். அவர் சொல்லச் சொல்ல அமுதாவுக்கு உயிர் திரும்பியது. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்களா அத்தை, குதிரை முடியாமுங்க."

காளியாயி நாற்காலியைத்தான் பார்த்தாள்.

"கேட்டேன். நூறு வருசமா நல்லா இருந்த பொருளு. நீ இந்த ஊட்டுல கால வெச்ச, என் கையாலயே கொளுத்த வெச்சுட்ட. இதுக்கு மேல என்ன செய்வினை வேணும்?"

மாரியப்பன் வந்து பெட்டியைத் தூக்கினான். உள்ளே எடுத்துப் போகிறான் என்றுதான் அமுதா ஒரு நொடி நினைத்தாள். அவன் பஸ் நிற்கிற பக்கம் நடந்தான்.

உங்கள் வீட்டுப் பழைய சாமானுக்குள் என்ன கிடைத்தது, பழி யார் தலையில் விழுந்தது? எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.