தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு பெயர்

ஐலா இறந்த பத்தொன்பதாம் நாள், ஆர்விட் லாத்தி தன்னுடைய ஐம்பத்திரண்டாம் வாரப் பரிசோதனைக்குப் போனார். மண் கல்லாய் உறைந்துவிட்டதால் மனைவியின் அடக்கம் மே மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத்தில் குளிர்காலத்தில் சாகிறவர்கள் வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். மருந்துச் சோதனை யாருக்காகவும் காத்திருக்காது.

கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். நடந்தார். போன ஜனவரியைவிடப் பதினோரு மீட்டர் அதிகம். பெண்டாட்டியைப் பறிகொடுத்த எழுபத்து நான்கு வயதுக்காரருக்கு அது நல்ல முன்னேற்றம்தான்.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எரிகிற சின்ன அடுப்புகள்தான் மைட்டோகாண்ட்ரியா. வயதானால் அடுப்பு மங்கும். இளமையில் அந்த அடுப்பே சுரக்கிற பெப்டைடு என்ற குட்டிப் புரதத் துணுக்கை வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால் மறுபடி எரியுமா என்பது கேள்வி. எலிகளில் எரிந்தது. கிழட்டு எலிகள் சக்கரத்தில் ஓடின. ஆகவே எழுபது தாண்டிய நூற்று எண்பத்தெட்டு பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு உப்புத்தண்ணீரும், வாரம் ஒரு குப்பி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆர்விட்டும் ஐலாவும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். "எல்லாரும் சமமா ஒண்ணும் தெரியாம இருந்தா அதுக்குப் பேரு விஞ்ஞானம்" என்பாள் ஐலா.

ஆனால் காத்திருப்பு அறைக்குத் தெரிந்திருந்தது. அங்கே காபியும் வதந்தியும் இலவசம். ஊசி போட்ட இடம் சிவந்து அரித்தால் மருந்து, சிவக்காவிட்டால் தண்ணீர் என்று கிழவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஆர்விட்டுக்குச் சிவந்தது. இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் நாற்பது வருடம் உழைத்த வயிறு, பள்ளிக்கூடப் பெண்ணின் கன்னம்போலச் சிவந்தது. ஐலாவுக்கு ஒன்றுமில்லை.

"என்னைத் தண்ணியில போட்டுட்டாங்க கிழவா" என்றாள் ஒருநாள், காரில். அன்று ஆறு நிமிட நடையில் பாதி வழியில் நாற்காலி கேட்டிருந்தாள். "நீ வாலிபனாகி எவளையாவது கூட்டிக்கிட்டுப் போ. நான் ஜன்னல்ல நின்னு கையசைக்கிறேன்."

"எவ வருவா? எனக்குத்தான் ஒரு காது கேக்காதே."

"அதான் வசதி."

சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை திரும்பவில்லை.

அது பதினெட்டாம் வாரம். அடுத்த வாரம், ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு குப்பிகளையும் எடுத்த ஆர்விட், தன் குப்பியிலிருந்து இழுத்த ஊசியை அவளுக்குப் போட்டார். அவளுடையதைத் தான் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஐலாவின் வயிறு சிவந்தது. "ஏய், பாரு, பாரு!" என்று சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அந்தக் கோடை முழுவதும் நடந்தாள். ஏரிக்கரை மேட்டில் நிற்காமல் ஏறி, மேலே நின்று அவரை ஆமை என்று திட்டினாள். ஆகஸ்டில் இடுப்பு மெலிந்தது. தேவாலயத்துப் பெண்கள் ரகசியம் கேட்டார்கள். செப்டம்பரில் இன்னும் மெலிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அக்டோபரில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் புற்று, கல்லீரல்வரை. ஊசியை நிறுத்தினார்கள். டிசம்பரோடு அவளும் முடிந்தாள்.

நர்ஸ் ஜோலீன் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒரு வருடமாக இருவருக்கும் ரத்தம் எடுத்தவள்.

"நான் இதைச் சொல்லக்கூடாது, மிஸ்டர் லாத்தி. ஆனா நீங்க ராத்திரி முழிச்சுக் கிடப்பீங்கன்னு தெரியும். யாருக்கு மருந்து, யாருக்குத் தண்ணின்னு மூடி வெச்ச முத்திரையில, இறந்தவங்கன்னு அவங்களோடத மட்டும் பிரிச்சாங்க. ஐலாவுக்குப் போனது வெறும் உப்புத்தண்ணி. மருந்துமேல ஒரு குத்தமும் இல்ல."

ஆர்விட் தலையாட்டினார்.

"மருந்துப் பக்கம் ஒருத்தருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல. வசந்தத்துல ரெண்டாயிரம் பேரைச் சேக்கப் போறாங்க."

மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்தால் போதும். வெறும் தண்ணீர் ஊசி போட்டுக்கொண்டு செத்தவளின் கணவனாக வீட்டுக்குப் போகலாம். இந்த உலகத்தில் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர் எழுந்தார். ஒரு கையை அங்கிக்குள் நுழைத்தார். இன்னொரு கை வழி தெரியாமல் நின்றது.

"ஜோலீன், அவளுக்குப் போனது தண்ணி இல்ல."

"என்ன?"

"நான் மாத்திட்டேன். என்னோடத அவளுக்குப் போட்டேன்."

ஜோலீன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெளியே போனாள். இருபது நிமிடம் கழித்து டாக்டரோடு வந்தாள். டாக்டர் நின்றுகொண்டே சொன்னார்.

"உங்க முத்திரையைப் பிரிச்சோம். உங்க குப்பியில இருந்தது மருந்துதான்."

"அப்ப நான்தான் அவளை..."

"அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் புத்து முன்னாலயே ஒளிஞ்சிருந்திருக்கலாம். மருந்து அதை ஊதிவிட்டிருக்கலாம், விடாமலும் இருந்திருக்கலாம். நல்ல செல்லுக்கும் அடுப்பு இருக்கு, புத்து செல்லுக்கும் இருக்கு. ஒரே ஒருத்தரை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது."

"இல்லைன்னும் முடியாதா?"

"முடியாது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா பாதுகாப்புக் கணக்குல உடம்புக்குள்ள எது போச்சோ அதுதான் பேச்சு. தண்ணிப் பக்கம் இருந்த அவங்க பேரு மருந்துப் பக்கம் வரும். இன்னிக்கே மத்த எல்லாரையும் ஊசியை நிறுத்தச் சொல்றோம். ஸ்கேன் எடுப்போம். நீங்க வாயைத் திறக்கலைன்னா..." மீதியை முடிக்காமல், தொலைபேசி செய்யப் போய்விட்டார்.

ஜோலீன் படிவத்தை எடுத்தாள். மருந்துக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. நடுவில் இருந்த 'இருக்கலாம்' என்பதில் குறி போட்டாள்.

"எந்த வாரத்துலருந்து?"

"பத்தொன்பது. முப்பத்தெட்டு வரைக்கும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா என் இன்னொரு காதையும் செவிடாக்கியிருப்பா."

"ஊசியைப் போட்டது யாரு?"

"நான்தான். அவளுக்கு ஊசின்னா பயம். சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்குவா. முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. நான் முடிஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் சொல்ல மாட்டேன், சும்மா விளையாட்டுக்கு." அவர் படிவத்தைப் பார்த்தார். "அதையும் எழுதணுமா?"

"அதுக்கு இடமில்ல, மிஸ்டர் லாத்தி. மொத்தம் எத்தனை ஊசி?"

"இருபது" என்றார். பேனா நகரவில்லை.

"எழுதும்மா. இருபது."